அமர்ந்திருக்கும் பெண், பெயர் தெரியாது

எங்கள் ஊரில் இறந்தவர்கள் மூன்று வருடத்தில் தொல்பொருளாகிவிடுகிறார்கள். கிரேக்கத்தின் தெற்குக் கரையில், ஆரஞ்சுத் தோட்டங்களுக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் சின்ன ஊர் இது. இந்த நாட்டில் இடுகாட்டில் இடம் குறைவு. ஒருவரைப் புதைத்தால் மூன்று வருடத்துக்குத்தான் அந்தக் குழி அவருடையது. அதன்பிறகு தோண்டி, எலும்புகளை வைனில் கழுவி, பெட்டியில் போட்டு ஓர் அறையில் அடுக்கிவிட்டு, குழியை அடுத்தவருக்குக் கொடுப்பார்கள். மற்ற ஊர்களில் எலும்பு வரும். எங்கள் ஊரில் சாடி வரும், வெண்கலக் கண்ணாடி வரும், தலையில்லாத சிலை வரும். வீட்டுக்காரர்கள் எப்படியும் வைன் கொண்டுவந்திருப்பார்கள் என்பதால் அதையும் வைனிலேயே கழுவுவார்கள்.

வந்ததெல்லாம் ஊர் அருங்காட்சியகத்துக்குப் போகும். வெனிஸ்காரர்கள் தானியம் சேர்க்கக் கட்டிய கட்டடம் அது. துருக்கியர்கள் அதைச் சிறையாக்கினார்கள். பிறகு வந்தவர்கள் பெண்கள் பள்ளிக்கூடமாக்கினார்கள். யன்னல் கம்பிகளை மட்டும் யாரும் கழற்றவில்லை. நான் அங்கே காவலாளி. என் பெயர் நவரத்தினராசா. அது அவர்களுக்கு நீளம் என்பதால் ராசா என்று வைத்துக்கொண்டார்கள்.

அருங்காட்சியகத்தின் இயக்குநரைக் கிரியா டெஸ்பினா என்று அழைப்போம். கிரியா என்றால் திருமதி. தோண்டும் நாளில் அவர் கையுறையும் தூரிகையுமாக வந்து குழியின் விளிம்பில் நிற்பார். வெளியே வந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்து நூற்றாண்டைச் சொல்வார். பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பதுபோல் குடும்பம் சுற்றி நிற்கும். கிறிஸ்துவுக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டு என்றால் எல்லோரும் கை கொடுப்பார்கள். ரோமர் காலம் என்றால் தோளில் தட்டி ஆறுதல் சொல்வார்கள். பேக்கரிக்காரரின் தாய் ஒரு கறுப்புச் சாடியாக இரண்டாம் அறையில் இருக்கிறார். கணக்கு வாத்தியார் ஒருவர் துண்டு துண்டாக வந்தார். ஒட்டிப் பார்த்ததில் ஒரு துண்டு குறைந்தது. அவரிடம் படித்தவர்கள் இது எதிர்பார்த்ததுதான் என்றார்கள். இறந்தவர்களை நினைக்கும் சனிக்கிழமையில் உறவினர்கள் சீனி தூவிய அவித்த கோதுமையோடு வந்து, கண்ணாடிப் பெட்டிகளுக்கு முன்னால் நின்று ஆளுக்கு ஒரு கரண்டி சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். சிந்தியதைக் கூட்டுவது என் வேலை.

ஒன்றைச் சொல்லவேண்டும். இங்கே எல்லோரும் கிரேக்கத்தில்தான் கதைப்பார்கள். ஆனால் இத்தனை வருடத்தில் அது என் காதில் யாழ்ப்பாணத் தமிழாக விழத் தொடங்கிவிட்டது. அதனால் அவர்கள் சொன்னதை என் காதில் விழுந்தபடியே எழுதுகிறேன்.

என் மனைவி தவமலர் இந்த ஊரில்தான் இறந்தாள். எனக்கு எப்படியோ ஒரு வதிவிட அட்டை கிடைத்திருந்தது; முடிய முடியப் புதுப்பிப்பார்கள். அவளுக்குக் கிடைக்கவேயில்லை. வெளிநாட்டவர் அலுவலகத்திலிருந்து, நாட்டைவிட்டு உடனே வெளியேறவும் என்று அவள் பெயருக்குக் கடிதம் வரும். அவள் அதைப் பிரிக்காமல் மடித்து மேசைக் காலுக்குக் கீழே வைப்பாள். வருடத்துக்கு ஒன்றாவது வரும். எங்கள் மேசை ஆடாமல் நின்றது.

ஆரஞ்சுப் பெட்டி அடிக்கும் தொழிற்சாலை வைத்திருந்த அனார்கிரோஸ் என்ற பெரியவரின் வீட்டில் அவள் வேலை செய்தாள். கூட்டினாள், துடைத்தாள், அவருடைய சட்டைகளைத் தோய்த்து அழுத்தினாள். அவர் அவளைக் கடைசிவரை மரியா என்றுதான் கூப்பிட்டார். வாயில் அதுதான் வந்தது. சம்பளத்தைக் கையில் கொடுக்கமாட்டார். மேசையில் வைத்துவிட்டு, தள்ளிப்போய் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நிற்பார். அவள் எடுத்தபிறகுதான் திரும்புவார்.

ஆஸ்பத்திரியில் சேர்க்கவும் அட்டை கேட்டார்கள். அவள் வீட்டிலேயே கிடந்தாள். கடைசி நாட்களில் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள்.

"என்னை இஞ்ச விட்டிட்டுப் போகாதேங்கோ. எங்கட கடற்கரையில கொண்டுபோய் எரியுங்கோ."

இங்கே அப்போது எரிக்க வசதி இல்லை. உடலை விமானத்தில் ஏற்ற என்னிடம் வழியும் இல்லை. "மூண்டு வருசம் பொறு. எலும்பை எடுத்துக்கொண்டு போறன்" என்றேன். அவள் என்னை நம்பினாள். அவள் என்னை எப்போதும் நம்புவாள், அதுதான் அவளுடைய கெட்ட காலம்.

அவளும் தொல்பொருளாவாள் என்று நான் நினைக்கவேயில்லை. அருங்காட்சியகத்தில் வேலை செய்துகொண்டே நினைக்கவில்லை. ஓய்வூதியம், காப்புறுதி, வாக்கு என்று இந்த ஊரில் எது இருந்தாலும் அது எங்களுக்குப் பொருந்தாது. இதுவும் பொருந்தாது என்றே இருந்தேன். கூரை வேலைக்கு வந்து விழுந்து இறந்த அல்பேனியக்காரர் ஒருவரை அவருடைய தம்பி எலும்பாகத்தான் பையில் போட்டுக்கொண்டு போனார், என் கண்ணாலேயே பார்த்தேன். அவரை ஒரு வருடத்திலேயே எடுத்துவிட்டார்கள் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

தவமலரைத் தோண்டிய அன்று நான் ஒரு புதுப் பயணப்பெட்டியோடு போனேன். குழி தோண்டும் லெஃப்தேரிஸின் மண்வெட்டி ணங் என்றது. எலும்பில் பட்டால் அந்தச் சத்தம் வராது. அவர் கையால் மண்ணைத் தள்ளினார். பளிங்குப் பலகை ஒன்று தெரிந்தது. அதில் ஒரு பெண் கதிரையில் பக்கவாட்டாக அமர்ந்திருந்தாள். முக்காடு, குனிந்த தலை, முன்னால் நீட்டிய வலது கை. கைக்கு அப்பால் பலகை உடைந்து போயிருந்தது.

மூக்கின் வடிவம் மட்டும் அவளுடையது இல்லை. மிச்சமெல்லாம் அவள்தான். வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்ற முன் இருப்பாளே, அந்த இருப்பு. ஒருமுறை ஆரஞ்சுப் பெட்டிக்குள் நசிந்து வளைந்த சுண்டுவிரல்கூட அப்படியே இருந்தது.

"மண் அட்டை கேக்கிறேல்லத்தானே" என்றார் லெஃப்தேரிஸ்.

கிரியா டெஸ்பினாவைக் கூப்பிட்டார்கள். அவர் முழங்காலில் நின்று தூரிகையால் துடைத்தார். கிறிஸ்துவுக்கு முன் நாலாம் நூற்றாண்டு, தேர்ந்த சிற்பியின் வேலை, இதுபோல ஒன்று இந்த ஊரில் வந்ததில்லை என்றார். மூக்கின் பக்கத்தில் இருந்த சிறிய துளையை, உளி பட்ட சேதம் என்று குறித்துக்கொண்டார். அது மூக்குத்திக்குக் குத்தியது என்று சொன்னேன். அந்தக் காலத்தில் இங்கே மூக்குத்தி இல்லை என்றார். ஊர்க்காரர்கள் வரிசையாக வந்து எனக்குக் கை கொடுத்தார்கள். அவர்களில் சிலர் அதுவரை எனக்கு வணக்கம்கூடச் சொன்னதில்லை.

நான் கிரியா டெஸ்பினாவிடம், அவளை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகப்போகிறேன் என்றேன். பயணப்பெட்டி போதாது, மரப்பெட்டி அடிக்கவேண்டும் என்றும் சொன்னேன். அவர் என்னைக் கதிரையில் இருத்தி, பொறுமையாக விளங்கப்படுத்தினார். தொல்பொருள் நாட்டின் சொத்து. வெளியே கொண்டுபோனால் களவு. நெடுங்காலம் உள்ளே இருக்கவேண்டி வரும்.

"அவ இந்த நாட்டை விட்டுப் போக ஏலாது, ராசா" என்றார்.

உயிரோடு இருந்தவரைக்கும் போ போ என்றார்கள். போகட்டும் என்று நான் தூக்க வந்தால், போகக்கூடாது என்கிறார்கள். வீட்டுக்குப் போய் மேசைக் காலுக்குக் கீழிருந்து கடிதங்களை உருவினேன். ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தேன். கடைசிக் கடிதம் அவள் இறந்தபிறகு வந்தது. எதையும் யாரும் திரும்பப் பெறவில்லை. தவமலர் நாட்டைவிட்டு உடனே வெளியேறவேண்டும் என்ற கட்டளை இன்னும் உயிரோடு இருந்தது.

அதை எடுத்துக்கொண்டு வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போனேன். என் மனைவியை நாடு கடத்துங்கள் என்று கேட்டேன். அங்கே இருந்த அதிகாரி இளைஞர், மரியாதையானவர். கட்டளை செல்லும் என்றார். இவ்வளவு காலம் நிறைவேற்றாமல் விட்டதற்கு வருத்தம் தெரிவித்தார். சம்பந்தப்பட்டவரை அடையாளம் காண அருங்காட்சியகத்துக்கு என்னோடு நடந்தே வந்தார். நாலாம் அறையில், முன்பு சிறையில் தனியறையாக இருந்த இடத்தில், தவமலரை நிறுத்தியிருந்தார்கள். அதிகாரி கடிதத்தையும் சுவரில் இருந்த விவரப் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார். அதில், அமர்ந்திருக்கும் பெண், பெயர் தெரியாது என்று எழுதியிருந்தது.

"பெயர் இல்லாத ஆளை நாடு கடத்த ஏலாது ஐயா. பெயரை எழுதுவிச்சுக்கொண்டு வாங்கோ. அடுத்த கிழமையே அனுப்பலாம்."

அந்தக் கடிதங்களில் மட்டும்தான் இந்த நாட்டில் அவளுடைய முழுப்பெயர் ஓர் எழுத்துப் பிழையில்லாமல் இருந்தது. அதைக் கிரியா டெஸ்பினாவிடம் காட்டினேன். கடிதம் ஒரு பெண்ணைப் பற்றியது, கல்லைப் பற்றியது அல்ல என்றார். கல்லில் பெயர் வெட்டியிருக்கவேண்டும். இல்லாவிட்டால் அவளை அறிந்த உள்ளூர்க்காரர் ஒருவர் வந்து சாட்சி சொல்லவேண்டும். கணவன் சொல்வது சாட்சி ஆகாது. கணவன் தன் பக்கம்தான் கதைப்பான்.

அவளை அறிந்த உள்ளூர்க்காரர் என்றால் அனார்கிரோஸ். அவர் தவமலர் போய் ஒரு வருடத்தில் இறந்துவிட்டார். அவருடைய மகன்தான் இப்போது மேயர். சின்ன வயதில் அவருக்குச் சாப்பாடு தீத்தியவள் தவமலர். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் சப்பாத்தைக் கழற்றி விட்டவளும் அவள்தான். போய்க் கேட்டேன். அவர் உடனே புறப்பட்டு வந்தார். கல்லுக்கு முன்னால் நெடுநேரம் நின்றார். அவருடைய கண் கலங்கியது, அதை நான் மறைக்கமாட்டேன். எனக்கு நம்பிக்கை வந்தது.

"எங்கட மரியாதான். விரலைப் பார்த்தாலே தெரியுது. எழுதுங்கோ, மரியா எண்டு" என்றார்.

அவளுடைய பெயர் தவமலர் என்று சொன்னேன். அப்படி ஒரு பெயரை அப்பா வீட்டில் சொன்னதேயில்லை என்றார். அவர் பொய் சொல்லவில்லை. மரியா என்ற பெயருக்கு நாடு கடத்தும் கட்டளை இல்லை. தவிரவும் கிறிஸ்துவுக்கு முன் நாலாம் நூற்றாண்டில் மரியா என்று யாரும் இருந்திருக்க முடியாது என்பதால் கிரியா டெஸ்பினா அதையும் எழுதவில்லை. பெயர் தெரியாது என்பது அப்படியே இருந்தது. மேயர் போகும்போது என் கையைப் பிடித்து, அவள் வைத்த சோற்றின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது என்றார். அவளுடைய பெயர் மட்டும் நாக்கில் இல்லை.

அனார்கிரோஸின் மூன்று வருடமும் முடிந்தது. பெரிய இடத்துத் தோண்டல் என்பதால் வாத்தியக்காரர்கள்கூட வந்திருந்தார்கள். அவரும் பளிங்குப் பலகையாகத்தான் வந்தார். நின்றிருக்கும் முதியவர், தாடி, தோளில் சால்வை. தலைக்கு மேலே அனார்கிரோஸ் என்று பெரிய எழுத்தில் வெட்டியிருந்தது. வசதியானவர்கள் பெயரோடுதான் வருவார்கள். நீட்டிய வலது கை மட்டும் மணிக்கட்டுக்கு அப்பால் இல்லை. லெஃப்தேரிஸ் மண்ணைச் சல்லடையில் போட்டுத் தேடினார், கிடைக்கவில்லை. பலகையின் இடது ஓரம் உடைந்திருந்தது. கிரியா டெஸ்பினா அந்த ஓரத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

இரண்டு பலகையையும் அருகருகே நிறுத்தினார்கள். உடைவுகள் ஒன்றுக்குள் ஒன்று மயிரிழை இடைவெளியில்லாமல் போய் உட்கார்ந்தன. விவரப் பலகையை மாற்றி எழுதினார்கள். அனார்கிரோஸ், அவர் மனைவியிடம் விடைபெறுகிறார்.

நான் கிரியா டெஸ்பினாவின் அறைக்குப் போனேன். அனார்கிரோஸ் அவளுடைய முதலாளி என்றேன். கையில் காசு கொடுக்காத மனிதர் என்றேன். கிரியா டெஸ்பினா ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து விரித்தார். பக்கம் பக்கமாக இப்படிக் கை பிடித்த கற்கள். எல்லாம் கணவன் மனைவி, அல்லது தாய் மகன், அல்லது உடன்பிறந்தவர்கள்.

"முதலாளியும் வேலைக்காரியும் கை குடுக்கிற கல் உலகத்தில எங்கயும் கிடைக்கேல்ல, ராசா. அதால இவ மனைவிதான். நான் என்ன செய்ய?"

மேயரின் தாய் முன்பே இறந்து இரண்டாம் அறையில் சிறு எண்ணெய் விளக்காக இருந்தார். அவர் தரப்பில் ஆட்சேபம் எதுவும் வரவில்லை.

தலைநகரிலிருந்து அமைச்சர் வந்து திறந்துவைப்பதாக ஏற்பாடு. ஆனால் தவமலரின் கை நீண்டிருக்க, எதிரே மொட்டை மணிக்கட்டு இருந்தது. பார்க்க நன்றாக இல்லை என்று மேயர் சொன்னார். சாந்தில் ஒரு கை செய்து பொருத்தினார்கள். காலையில் வந்து பார்த்தால் கீழே விழுந்து கிடந்தது. பளிங்கில் ஒன்று செய்வித்தார்கள். அதுவும் விழுந்தது. மரத்தில் செய்து வெள்ளை பூசியதும் நிற்கவில்லை. தவமலருடைய விரல்கள் எதையும் வாங்கிக்கொள்ளவில்லை. எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது.

ஒருநாள் நான் தூசி தட்டும்போது, வழக்கம்போலத் துணியை வைத்துவிட்டு அவளுடைய விரல்களை என் உள்ளங்கையால் துடைத்தேன். பின்னால் கிரியா டெஸ்பினா நின்றதைக் கவனிக்கவில்லை.

"ஆடாதேங்கோ. அப்பிடியே வையுங்கோ" என்றார்.

அவர் சுற்றி வந்து எல்லாப் பக்கத்திலிருந்தும் பார்த்தார். கட்டைவிரல் எங்கே போகவேண்டுமோ அங்கே போயிருந்தது. வளைந்த சுண்டுவிரலுக்குக் கீழே என் கையில் அதற்கென்றே ஒரு பள்ளம் இருந்தது. இது பொருந்துகிறது என்றார். அருங்காட்சியகத்தின் நன்மைக்காக இந்தக் கையைத் தர முடியுமா என்று கேட்டார்.

நான் யோசிக்கவில்லை. ஊருக்குக் கொண்டுபோகும் வழி அடைந்துவிட்டது என்று எனக்கு அந்த இடத்தில் தெரிந்தது. அவள் கேட்டதில் பாதியாவது மிச்சம் இருந்தது. விட்டிட்டுப் போகாதேங்கோ என்றுதானே தொடங்கினாள். சரி என்றேன்.

அனார்கிரோஸின் மணிக்கட்டில் துளை போட்டார்கள். கல்லுக்குப் பின்னால் எனக்கு ஒரு கதிரை வைத்தார்கள். நான் துளைக்குள் கையை நுழைத்தால் அது அவருடைய சால்வைக்குள்ளிருந்து வருவதுபோல் வெளியே வரும். காலையில் வெள்ளைப் பொடி பூசிவிடுவார்கள். அமைச்சர் வந்தார், உரையாற்றினார், பிரிவின் துயரத்தை நம் முன்னோர் எவ்வளவு கண்ணியமாகச் செதுக்கினார்கள் என்றார். கைதட்டல் கேட்டது. எனக்குக் கல்லின் முதுகு மட்டும்தான் தெரிந்தது. தவமலரின் கை குளிர்ந்திருந்தது. மத்தியானம் யன்னல் வெயில் பட்டால் கொஞ்சம் சூடு பிடிக்கும், அப்போது கண்ணை மூடிக்கொள்வேன். வெளியே யாராவது சத்தமாக விவரத்தைப் படிப்பார்கள். அனார்கிரோஸ், அவர் மனைவியிடம் விடைபெறுகிறார். அதற்குக் கீழே புதிதாக ஒரு வரி சேர்த்திருந்தார்கள். ஆணின் வலது கை பிற்காலச் சேர்க்கை.

அந்தக் கையைப் பதிவேட்டில் ஏற்றி, மணிக்கட்டின் உட்பக்கத்தில் மெல்லிய மையால் எண் எழுதினார்கள்.

என் வதிவிட அட்டை முடிந்தபோது அதே இளம் அதிகாரியிடம் போனேன். அவர் பார்த்துவிட்டு, புதுப்பிக்க முடியாது என்றார். காவலாளி வேலைக்குத்தான் அட்டை தந்திருந்தார்கள். நான் இப்போது காவலாளி இல்லை, காட்சிப்பொருள். காட்சிப்பொருளுக்கு வேலை ஒப்பந்தம் கிடையாது. நாட்டைவிட்டு உடனே வெளியேறவும் என்று என் பெயருக்கு ஒரு கடிதம் தட்டினார். என் பெயரையும் பிழையில்லாமல் எழுதினார். நான் ஒப்பமிடக் கை நீட்டியபோது மணிக்கட்டில் இருந்த எண்ணைக் கண்டார். தொலைபேசியில் யாருடனோ நெடுநேரம் கதைத்தார். பிறகு கடிதத்தை ஓரமாக வைத்தார்.

"நீங்கள் போகவேணும் ஐயா. ஆனா கை போக ஏலாது" என்றார்.

இரண்டையும் சேர்த்து என்ன செய்வது என்று மேலிடத்தில் கேட்டிருந்தார்கள். சில நாளில் முடிவு வந்தது. கைக்கு அட்டை கொடுத்தார்கள். புகைப்படத்தில் கை மட்டும் இருந்தது. முடிவுத் தேதி இல்லை. பிறந்த நாடு கிரேக்கம். உரிமையாளர் அனார்கிரோஸ். மணமானது. அட்டையின் பின்பக்கத்தில், கையைச் சுமந்து வருபவர் என்று என்னைக் குறித்திருந்தார்கள். மணமாகாதவர் என்றும் இருந்தது. இந்த ஆவணங்களின்படி எனக்கு எப்போதும் மனைவி இருந்ததில்லை. நான் திருத்தச் சொல்லவில்லை. கைக்காவது இருக்கிறாளே என்று பட்டது.

பேனா பிடித்தால் பொடி உதிரும், அது பாதுகாப்புச் சட்டத்துக்கு விரோதம். அதனால் இடது கையால் ஒப்பமிடச் சொன்னார்கள். எண்ணெயும் புளியும் பளிங்குக்கு ஆகாது என்று கிரியா டெஸ்பினா ஏற்கெனவே எழுத்தில் தந்திருந்தார். வீட்டுக்கு வந்து, சோறு போட்டு, பருப்பு விட்டு, வலது கையைப் பஞ்சுத் துணியில் சுற்றி மேசைமேல் வைத்தேன். மேசை ஆடியது. இடது கையால் குழைத்துச் சாப்பிடத் தொடங்கினேன்.